பன்னிரண்டடி, பதினாலடி, பதினாறடி

படகுக் கடை திறக்க இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. நான், மனைவி, மகள் மூன்று பேரும் அதற்குள் ஷட்டருக்கு முன்னால் வரிசை கட்டி நின்றோம். பிறகு அந்த ஷட்டர் மேலே ஏறியபோது எழுந்த சத்தத்தில் ஏரிக்கு அந்தப் பக்கம் நின்ற நாரைகள் எல்லாம் கூண்டோடு நாட்டை விட்டே போய்விட்டன.

கொஞ்சம் கூட்டிச் சொல்கிறேன்தான். அது என் வியாதி. முப்பத்துமூன்று வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்தவன் நான். கடை கடையாக ஏறி இறங்கி, தராசுகளைச் சோதித்து, முத்திரை குத்துகிற உத்தியோகம். ஆபீசில் ஒரு கிராம் கூட்டியோ குறைத்தோ வாயைத் திறக்க முடியாது. அந்தப் பசியை எல்லாம் வீட்டில்தான் தீர்த்துக்கொள்வேன். எங்கள் வீட்டுக்கு வரும் எலி கன்றுக்குட்டி உயரம் இருக்கும். எனக்கு ஜலதோஷம் பிடித்தால் மூன்று தெருவில் ஜன்னல் கண்ணாடி உடையும். என் மனைவி நான் சொல்வதில் பத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைக் கூட்டிப் பெருக்கிக் குப்பையில் போட்டுவிடுவாள். முப்பத்தைந்து வருஷமாகக் குடும்பம் இப்படித்தான் ஓடுகிறது, நன்றாகவே ஓடுகிறது.

எங்கே போனாலும் நாற்பது நிமிஷம் முன்னால் போய் நிற்பது அவளுடைய வியாதி. அது பிறவியில் வந்ததல்ல. பதினோரு வருஷத்துக்கு முன்னால் வந்தது.

விஷயம் இதுதான். எங்கள் வீடு ஏரிக்கு இந்தக் கரையில் இருக்கிறது. ஒரே மகள் எதிர்க்கரையில் கால்நடை மருத்துவராக இருக்கிறாள். சாலையில் மலையைச் சுற்றிக்கொண்டு போனால் இரண்டரை மணி நேரம். அதற்குள் என் மனைவியின் முதுகு மடக்குக் கத்தி மாதிரி ஆகிவிடும். தண்ணீரில் போனால் இருபத்தைந்தே நிமிஷம். ஆனால் பதினோரு வருஷமாக அவள் தண்ணீரில் கால் வைக்கவில்லை. ஏரி தெரிகிறது என்று கட்டிலைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிப் போட்டவள். போன மாதம் ஒரு நாள், துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவளாகவே சொன்னாள்.

"ஒரே ஒரு தடவை படகுல ஏறிப் பாக்கிறேங்க. மனசு ஒத்துக்கிட்டா ஒண்ணு வாங்கிக்கலாம். ஒத்துக்கலைன்னா இந்த வீட்டை வித்துட்டு அவ இருக்கிற பக்கமே போயிடலாம். இனிமே இதைப் பத்திப் பேச்சு கிடையாது."

ஆகவே அன்றைக்குக் கடைவாசலில் நின்றபோது என் வீடு அந்த ஒரு தடவையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைவிடப் பெரிதாக இன்னொன்றும் தொங்கிக்கொண்டிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

என் மனைவிக்கு ஒரு தம்பி இருந்தான். பெயர் எதற்கு, ஊரே அவனைத் தக்கை என்றுதான் கூப்பிட்டது. எங்கே தூக்கிப் போட்டாலும் மிதந்துகொண்டு வெளியே வந்துவிடுவான். நான் ஆபீசில் இருக்கும்போது மத்தியானம் வந்து என் சாப்பாட்டில் பாதியைத் தின்றுவிட்டு, சோதனைக்கு வந்திருக்கும் மேடைத் தராசில் ஏறி நிற்பான். "அத்தான், இன்னிக்கு எவ்வளவு?" எட்டு வருஷமாக அறுபத்துநான்கு கிலோ. என் சாப்பாட்டைத் தின்றுமா ஏறவில்லை என்று எனக்கு வயிற்றெரிச்சல்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எதிர்க்கரைக்குப் போவதாக ஏற்பாடு. வாடகைப் படகு. ஆறு பேர் ஏறலாம். படகோட்டி, நான், மனைவி, மகள் என்று நாலு பேர் இருந்தோம். எஞ்சின் போட்டாகிவிட்டது, அந்த இரைச்சலில் பின்னால் பேசுவது முன்னால் கேட்காது. அவர்கள் மூவரும் முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நான் ஒருவன்தான் கரையைப் பார்த்துக்கொண்டு பின்பலகையில் இருந்தேன். தக்கை பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். கயிறு இன்னும் அவிழ்க்கவில்லை. அவன் வந்தது சரியான நேரம்.

நான் கையை விரித்துக் கத்தினேன். "மாப்ளே, இடமே இல்லடா! நீ ஒத்தைக் கால வெச்சாலே படகு நேரா அடிக்குப் போய் மண்ணள்ளிட்டு வரும்! வேற படகு பாத்து வா!"

எப்போதும் போல் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். எப்போதும் போல் அவன் சிரித்துக்கொண்டே குதித்து என் மடியிலேயே உட்கார்வான் என்று நினைத்தேன். அவன் எட்டிப் பார்த்தான். சாப்பாட்டுக் கூடை, பாய், தண்ணீர்க் கேன் எல்லாம் காலியிடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. நிஜமாகவே இடமில்லை என்று நினைத்துவிட்டான். சரி என்று தலையாட்டிவிட்டுத் திரும்பினான். படகோட்டி கயிற்றை அவிழ்த்தான். இரண்டு விநாடிதான் இருக்கும். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. அங்கே போய்ச் சொல்லிச் சிரித்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

அவன் யாரோ ஒருவருடைய பிளாஸ்டிக் துடுப்புப் படகை வாங்கிக்கொண்டு பின்னாலேயே வந்திருக்கிறான். நடு ஏரியில் காற்று மாறியது. மூன்றாம் நாள்தான் கிடைத்தான்.

"நேரத்துக்கு வந்திருந்தா எங்களோடயே வந்திருப்பானே, பாவி, வாழ்நாள் முழுக்க லேட்டு" என்று என் மனைவி அன்றைக்கு அழுதாள். நான் வாயைத் திறக்கவில்லை. பதினோரு வருஷமாக அதையே சொல்லித் திட்டிக்கொண்டிருந்தாள், கடிகாரத்தைப் பார்க்கும்போதெல்லாம். அவள் நாற்பது நிமிஷம் முன்னால் போய் நிற்பது அந்தத் திட்டின் மிச்சம். செத்தவன் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் எலியைக் கன்றுக்குட்டி ஆக்கிக்கொண்டிருந்தேன்.

படகில் ஏறினால் அவள் அந்த நாளைப் பற்றிப் பேசுவாள். பேசினால் என்னைக் கேட்பாள். கடைவாசலில் நான் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான்.

கடைக்காரருக்கு நான் அங்குலம் என்று பெயர் வைத்துவிட்டேன். முன்னால் ஆயத்த ஆடைக் கடையில் அளவெடுத்தவராம். கழுத்தில் இப்போதும் அளவு நாடா தொங்கியது. எங்களை மேலும் கீழும் பார்த்த பார்வையிலேயே மூவருடைய இடுப்பும் அவருக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

"அம்மாவுக்கு முழங்கால் கொஞ்சம் பிரச்சனை, இல்லீங்களா? பலகை உயரம் பதினஞ்சு அங்குலமாவது வேணும். ஐயாவுக்கு…" என்னை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார். "ஐயாவுக்கு அகலம்தான் முக்கியம்."

"அப்பா, உங்களை எக்ஸ்ட்ரா லார்ஜ்ங்கிறார்" என்றாள் மகள்.

"போன வருஷம் நான் குளிக்க இறங்கி இந்த ஏரி வழிஞ்சு ஊருக்குள்ள தண்ணி வந்துச்சு, மறந்துட்டியா?" என்றேன். அங்குலம் சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கடையின் பின்பக்கம் தெரிந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பின்பக்கம் கல் கட்டிய ஒரு சின்னத் தொட்டி மாதிரி இடம். ஏரியிலிருந்து ஒரு வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வரும். அலையே கிடையாது. அதில் மூன்று அலுமினியப் படகுகள் பக்கத்தில் பக்கத்தில் கட்டியிருந்தன, பன்னிரண்டடி, பதினாலடி, பதினாறடி. மூன்றிலும் எஞ்சின் மாட்டியிருந்தது. ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஒரு சின்னத் தகடு. எத்தனை பேர், எத்தனை கிலோ என்று அச்சடித்திருக்கும். மூன்று பேர், ஐந்து பேர், ஆறு பேர்.

"பலகைக்குள்ள எல்லாம் நுரை அடைச்சிருக்குங்க. கவிழ்ந்து தண்ணி நிறைஞ்சாலும் முழுகாது" என்றார் அங்குலம். பிறகு என் மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "கவிழாதுங்க" என்றும் சேர்த்துக்கொண்டார்.

தகட்டில் போட்டிருப்பதை நான் நம்பியதே கிடையாது. நம்பியிருந்தால் முப்பத்துமூன்று வருஷம் எனக்குச் சம்பளம் எதற்கு? எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. தராசு காலியாக இருக்கும்போது பார். தெரிந்த எடையை ஏற்றிப் பார். இறக்கிவிட்டு மறுபடியும் பார். இறக்கிய பிறகு முள் பழைய இடத்துக்கு வந்தால்தான் தராசு யோக்கியமானது. ஆகவே யாரும் ஏறுவதற்கு முன்னால், அங்குலத்திடம் ஒரு மார்க்கர் பேனா வாங்கி, மூன்று படகின் வயிற்றிலும் தண்ணீர் தொடுகிற இடத்தில் ஒரு கறுப்புக் கோடு போட்டேன்.

"புதுப் படகுங்க" என்று பதறினார்.

"அழியும். அழியலைன்னா நானே வாங்கிக்கிறேன்."

முதலில் பன்னிரண்டடி. நான் மட்டும் ஏறிப் பார்த்தேன். என் எடை எண்பது கிலோ. அதில் கூட்டலும் இல்லை, குறைச்சலும் இல்லை. கோடு இரண்டரை சென்டிமீட்டர் தண்ணீருக்குள் போனது. இறங்கினேன். கோடு மேலே வந்தது. யோக்கியமான படகு. எனக்கு அதுதான் பிடித்திருந்தது. ஒற்றை ஆளாகக் கரைக்கு இழுத்துவிடலாம், வீட்டுக்குப் பக்கத்திலேயே கவிழ்த்துப் போடலாம்.

பிறகு நான், மகள், அங்குலம் மூவரும் ஏறி வாய்க்கால் வழியாக ஏரிக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றினோம். மகள்தான் எஞ்சின் பிடித்தாள். அவளுக்கு உரிமம் இருக்கிறது. மாடு பார்க்க ஊர் ஊராகத் தண்ணீரில் போகிறவள். நடு ஏரிக்கு முன்னாலேயே திரும்பச் சொல்லிவிட்டேன். திரும்பும்போது படகு கொஞ்சம் மந்தமாக வந்தது.

"என்னப்பா, முன்பக்கம் அழுந்துதே" என்றாள் மகள். முன்பலகையில் யாரும் இல்லை.

கட்டினோம். மூன்று பேரும் இறங்கினோம். நான் குனிந்து பார்த்தேன்.

கோடு வரவில்லை.

தண்ணீருக்குள் இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் கறுப்பாகத் தெரிந்தது. படகு காலி. தண்ணீர் கண்ணாடி மாதிரி அசையாமல் கிடந்தது.

"உள்ள தண்ணி ஏறியிருக்கும்" என்றேன். அங்குலம் படகைக் கரைக்கு இழுத்து, பின்னாலிருக்கும் அடைப்பைத் திருகிக் கழற்றினார். ஒரு சொட்டு வரவில்லை. உள்ளே துணியை விட்டுத் துழாவினார். துணி புழுதியோடு காய்ந்தபடியே வெளியே வந்தது. மறுபடி தண்ணீரில் தள்ளினோம். இரண்டு சென்டிமீட்டர்.

"வெயிலு" என்றார் அங்குலம். "அலுமினியம் சூட்டுல நீளும்."

"நீண்டா மிதக்கணுமே ஐயா, ஏன் முழுகுது?"

அவர் நாடாவை எடுத்துப் படகை அளந்தார். வேறென்ன செய்வார், பாவம். பன்னிரண்டடிதான் இருந்தது.

எனக்குக் கணக்குப் போடாமல் இருக்கத் தெரியாது. எண்பது கிலோவுக்கு இரண்டரை சென்டி என்றால் இரண்டு சென்டிக்கு அறுபத்துநான்கு கிலோ.

என் வாழ்க்கையில் நான் எத்தனையோ தடவை "ரத்தம் உறைந்துபோயிற்று" என்று சொல்லியிருக்கிறேன். கரண்ட் பில் வந்தால்கூடச் சொல்வேன். அன்றைக்கு எதுவும் உறையவில்லை. காது மட்டும் சூடானது, ஆபீசில் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட குமாஸ்தாவுக்கு ஆகிற மாதிரி.

"அடுத்ததுல நானும் வரேன்" என்று பின்னாலிருந்து குரல் கேட்டது.

என் மனைவி எழுந்து நின்றிருந்தாள். மகள் என்னைப் பார்த்தாள். நான் பதினாலடியைப் பார்த்தேன். அதன் கோடு மூழ்கியிருந்தது. ஒன்றரை சென்டி. யாரும் அதில் இன்னும் கால் வைக்கவில்லை. பக்கத்தில் பன்னிரண்டடியின் கோடு, ஒன்றும் தெரியாத மாதிரி, தண்ணீருக்கு மேலே வந்து வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

முந்திக்கொண்டு இடம் பிடித்திருந்தான்.

"பாத்து, அம்மா. கையைக் குடு" என்றாள் மகள். என் மனைவி ஒரு காலைப் பலகையில் வைத்தாள். படகு லேசாக ஆடியது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அடுத்த காலையும் வைத்து, நடுப்பலகையில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பதினோரு வருஷத்துக்குப் பிறகு தண்ணீர் மேல் இருந்தாள். வேறு நாளாக இருந்தால் நான் கரையில் நின்று அந்தக் காட்சிக்குப் பதினேழு பீரங்கி வெடித்தது என்று உங்களுக்குச் சொல்லியிருப்பேன்.

நான் பின்னால் உட்கார்ந்தேன். அங்குலம் கரையிலேயே நின்றுவிட்டார். "நீங்க குடும்பமாப் போயிட்டு வாங்க" என்றார். அவர் கண் பன்னிரண்டடிப் படகின் கோட்டை விட்டு அசையவில்லை.

வாய்க்காலில் மெதுவாகப் போனோம். தண்ணீர் அலுமினியத்தில் படுகிற சத்தம் ஒரு மாதிரி வெற்றுச் சத்தம், காலி டப்பாவுக்குள் யாரோ பேசுகிற மாதிரி. அதற்கு நடுவில் இன்னொன்று கேட்டது. டக், டக். கொஞ்சம் நிறுத்தி, டக், டக். முன்பலகைக்குக் கீழே, குதிகாலால் தரையைத் தட்டுகிற மாதிரி. எனக்கு அந்தத் தாளம் தெரியும். என் ஆபீஸ் மேஜைக்கு அடியில் எட்டு வருஷம் கேட்டிருக்கிறேன்.

"யாரோ தாளம் போடுறாப்ல இருக்குல்ல?" என்றாள் மனைவி. அவள் பயப்படவில்லை. முகத்தில் ஏதோ இளகியிருந்தது.

"அலைம்மா" என்றாள் மகள்.

"அலை எங்கடி இருக்கு?"

ஏரி முகம் பார்க்கிற அளவுக்குத் தெளிவாகக் கிடந்தது. அவள் முன்பலகையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். "அவனுக்கு இப்ப நாப்பத்திரண்டு ஆகியிருக்கும்" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

திரும்பி வந்து இறங்கியதும் நான் நேராகப் பதினாறடியிடம் போனேன். அவன் அங்கேயும் வந்துவிட்டிருந்தான். ஆனால் அதன் கோடு ஒரே ஒரு சென்டிதான் இறங்கியிருந்தது. படகு பெரிதாக ஆக ஆக அவன் எடை குறைவாகத் தெரிந்தது. ஒரு சென்டி என்றால் ஒரு சின்ன அலை வந்தால் போதும், மறைந்துவிடும். தினமும் பார்க்கிற கண்ணுக்குக்கூடத் தெரியாது. என் மூளை எவ்வளவு கேடுகெட்ட வேகத்தில் வேலை செய்தது என்பதை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

"பதினாறு!" என்றேன் அங்குலத்திடம். "பதினாறேதான். படகுன்னா அதுதான் படகு. இதுல ஏறிப் போனா எதிர்க்கரையே பயந்து நாலடி பின்னால போகும். குடும்பம் முழுக்க ஏத்தலாம், ரெண்டு மாட்டையும் ஏத்தலாம், டாக்டரம்மாவுக்கு சௌகரியம். போடுங்க பில்லை!"

"காலைல பன்னிரண்டடிதான்னு குதிச்சீங்க" என்றாள் மகள்.

"மனுஷன் வளரவே கூடாதா?"

என் மனைவி இதற்குள் மூன்று படகுக்கும் முன்னால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள்.

"ஏங்க, அந்தக் கோடு எதுக்கு?"

"எந்தக் கோடு?"

"நீங்க போட்டீங்களே. காலைல மூணும் தண்ணிக்கு மேல இருந்துச்சு. நான் இங்க உக்காந்து அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். ஒண்ணு மாத்தி ஒண்ணு முழுகுது. யாருமே இல்லாத படகு முழுகுது."

"ஒண்ணுமில்லம்மா. லேசாத் தண்ணி ஏறியிருக்கும்" என்றேன்.

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

"லேசாவா?"

"ஆமா. கொஞ்சம்."

"கையில ஈ உக்காந்தா கழுகு கொத்திடுச்சும்பீங்க. ஆளில்லாத படகு முழுகுது, உங்களுக்கு லேசா, கொஞ்சமா?" அவள் குரல் இறங்கியது. "நீங்க சொல்ற பெரிய பொய்யெல்லாம் எனக்குப் பழக்கம்ங்க. சின்னதாச் சொன்னா பயமா இருக்கு. என்னது அது?"

அங்குலம் கடைக்குள் போய்விட்டார். மகள் எஞ்சினைத் துடைக்கிற மாதிரி நின்றாள். எனக்கு ஓடத் தோன்றியது. என் பின்னால் கல் சுவர்தான் இருந்தது.

"அறுபத்துநாலு கிலோ" என்றேன்.

அவளுக்கு அது போதுமாக இருந்தது. அந்த எண்ணை வைத்து அவள் தம்பியை எத்தனை தடவை கேலி செய்திருக்கிறாள். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு கல் மேல் உட்கார்ந்தாள். நான் எதிரில் நின்று, ஆபீசில் அறிக்கை படிக்கிற மாதிரி, ஒன்றும் கூட்டாமல் ஒன்றும் குறைக்காமல் சொன்னேன். அவன் எங்கே நின்றான், கயிறு எங்கே இருந்தது, நான் என்ன சொன்னேன், அவன் எப்படித் தலையாட்டினான், அந்த இரண்டு விநாடி.

தொட்டியில் ஒரு மீன் துள்ளி விழுந்தது.

"அப்ப அவன் லேட்டா வரலையா?"

"இல்ல. நேரத்துக்குத்தான் வந்தான்."

"இடம்?"

"இருந்துச்சு. ரெண்டு பேருக்கு இருந்துச்சு. கூடையை மடியில வெச்சிருந்தா போதும்."

"பதினோரு வருஷம்ங்க" என்றாள். "ஒரு நாள் விடாம அவனைத் திட்டியிருக்கேன். நீங்க பக்கத்துலயே உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க."

"ஆமா."

"சாப்பிட்டுக்கிட்டே."

"ஆமா."

மகள் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவள் தோள் குலுங்கியது. என் மனைவி அழவில்லை. எழுந்து, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, படகுகளிடம் போனாள். பதினாறடியின் முன்னால் நின்றாள். பதினாலடியின் முன்னால் நின்றாள்.

"இந்தப் பெருசை எதுக்கு வாங்கச் சொன்னீங்கன்னு இப்பப் புரியுது" என்றாள். "அதுல அவன் இருக்கிறதே தெரியாது. சின்னதுல நாங்க ஏறினா அவனுக்கு இடம் பத்தாது." கடைப் பக்கம் திரும்பி, "தம்பி, பதினாலு" என்று கூப்பிட்டுச் சொன்னாள்.

அங்குலம் தயங்கித் தயங்கி வந்தார். "அம்மா, மனசுக்கு ஒப்பலைன்னா வேற லாட்டு அடுத்த வாரம் வருது. இது மூணையும் நான் கம்பெனிக்கே திருப்பி அனுப்பலாம்னு இருக்கேன்."

"இதேதான் வேணும். இன்னிக்கே."

காகிதங்களில் கையெழுத்துப் போட்டோம். படகுக்குச் சொந்தக்காரர் என்று அவள் பெயரைத்தான் எழுதச் சொன்னாள். வீடு தப்பித்தது என்று எனக்குள் ஒரு அற்பப் புழு நெளிந்தது, அதை மறைக்கவில்லை. மகள் எஞ்சின் பக்கம் உட்கார்ந்தாள். என் மனைவி இந்தத் தடவை யார் கையையும் பிடிக்காமல் ஏறி, நடுப்பலகையில், முன்பக்கம் பார்த்து உட்கார்ந்தாள். நான் பின்னால் ஏறுவதற்குக் காலைத் தூக்கினேன்.

"நீங்க ரோட்டுல வாங்க" என்றாள், திரும்பாமலே.

மகள் வீட்டுக்கு மலைச் சாலையில் இரண்டரை மணி நேரம் தனியாகக் கார் ஓட்டினேன். திருப்பங்களை எண்ணினேன், நூற்றுப்பதினாறு. கூட்டிச் சொல்லவில்லை, வேண்டுமானால் போய் எண்ணிப் பாருங்கள். சில திருப்பங்களில் ஏரி தெரிந்தது. ஒரு தடவை நடு ஏரியில் ஒரு வெள்ளிப் பொட்டு போவது தெரிந்தது. அடுத்த திருப்பத்தில் இல்லை. அதற்கடுத்த திருப்பம் வரைக்கும் நான் மூச்சு விட்டேனா என்று நினைவில்லை. அங்கே மறுபடியும் தெரிந்தது. கரைக்குப் பக்கத்தில் இருந்தது.

மகள் வீட்டு வாசலில் காரை நிறுத்தியபோது அவளே வெளியே வந்தாள். சமையலறைப் பாத்திரச் சத்தம் பின்னால் கேட்டது.

"அம்மா வழி முழுக்கப் பேசிக்கிட்டே வந்தாங்கப்பா" என்றாள்.

"உன்கிட்டயா?"

"இல்ல. முன்னால பாத்து. எஞ்சின் சத்தத்துல எனக்கு ஒண்ணும் கேக்கல. நடுவுல ரெண்டு மூணு தடவை சிரிச்சாங்க." என் முகத்தைப் பார்த்தாள். "எனக்கும் உங்க மேல கோவம்தான்பா. எனக்கு அப்போ பதினேழு வயசு. நான் திரும்பிப் பாத்திருந்தா மாமாவைப் பாத்திருப்பேன்னு நானும் நினைச்சுக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவள் உள்ளே போன பிறகு நான் கொல்லைப் பக்கமாகப் படகுத்துறைக்கு இறங்கினேன். வெயில் சாய்ந்திருந்தது. பதினாலடி கட்டிக் கிடந்தது. அதில் ஆளில்லை. கோடு ஒன்றரை சென்டி தண்ணீருக்குள் இருந்தது. நான் துறைப் பலகையில் உட்கார்ந்தேன். காலை நீட்டினால் படகில் வைக்கலாம். வைக்கவில்லை.

வாய் தானாக ஒரு பெரிய பேச்சுக்குத் தயாரானது. ஏரியே அழுகிறது, வானமே இடிகிறது என்று. அதை விழுங்கினேன்.

"மாப்ளே, ஆறு பேர் ஏறலாம். நாலு பேர்தான் இருந்தோம். இடம் இருந்துச்சு. நான் விளையாட்டுக்குச் சொன்னேன். நீ திரும்பினப்ப கூப்பிட்டிருக்கணும். கூப்பிடலை. அதுக்கப்புறம் உங்க அக்காகிட்ட சொல்லியிருக்கணும். சொல்லலை."

அலுமினியம் டக்கென்று ஒரு தடவை சத்தம் போட்டது. வெயில் இறங்கினால் சூடு ஆறுகிற உலோகம் அப்படித்தான் சத்தம் போடும். அடுத்த டக்குக்காகக் காத்திருந்தேன். வரவில்லை.

படியில் காலடி கேட்டது. மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பாதி தூரம் இறங்கி வந்து நின்றாள்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன்."

"கூட்டிச் சொல்லலையே?"

"இல்ல."

"குறைச்சு?"

"அதுவும் இல்ல."

அவள் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் நான் தேடிய எதுவும் இல்லை. கோபமும் இல்லை, அது போய்விட்டது என்பதற்கான அடையாளமும் இல்லை.

"சரி, சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள். நான் கையை ஊன்றி எழுந்து அவள் பின்னால் போனேன். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தேன். படகு தண்ணீரில் அழுந்தினபடியேதான் இருந்தது.